அரை மாத்திரை

என் தொழில் மெய்ப்புப் பார்ப்பது, அதாவது அச்சுக்குப் போகும் முன் பிழை திருத்துவது. இராயப்பேட்டையில் ஓர் அச்சகத்தில் தொடங்கி, இப்போது வீட்டிலிருந்தபடியே நான்கைந்து பதிப்பகங்களுக்குப் பார்த்துக் கொடுப்பது வரை, ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகளாக நான் நாள் முழுவதும் தேடிக்கொண்டிருப்பது புள்ளி வைத்த எழுத்துகளைத்தான். க், ச், த், ப் எங்கே மிகும், எங்கே மிகாது என்பதில் எழுதுகிறவர்களுக்கும் எனக்கும் நடக்கும் வழக்கு இன்னும் ஓய்ந்தபாடில்லை. பிடித்த பாடகர்கள் யார் என்று நண்பர்கள் கேட்கும்போது நான் சொல்லும் பெயர்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் நிற்பதைக் கண்டு அவர்கள் சிரிப்பது வழக்கம். கே.பி. சுந்தராம்பாளும் பி.பி. ஸ்ரீநிவாஸும், டி.எம். சௌந்தரராஜனும் அமெரிக்க ஜாஸ் பாடகி எல்லா ஃபிட்ஜெரால்டும், நாகூர் ஹனிபாவும் எம்.எஸ். சுப்புலட்சுமியும், கானா பாடும் இசைவாணியும் பெயர் தெரியாத ஓர் ஓதுவாரும் ஒரே மனிதனுக்கு எப்படிப் பிடிக்க முடியும் என்று கேட்கிறார்கள். இவர்கள் எல்லோரையும் நான் மெய்யெழுத்துகளில் கேட்கிறேன் என்பதே என்னிடமுள்ள விடை. அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

பாட்டு அடிப்படையில் உயிரெழுத்துகளின் காரியம். ஆலாபனையில் ராகம் விரிவது அகாரத்தில். ஒரே சுரத்தில் நீட்டி நிற்கும் கார்வை நிற்பது ஆகாரத்திலோ ஈகாரத்திலோ. குரல் இனிமை என்று நாம் புகழ்வதெல்லாம் வாய் திறந்திருக்கும்போது வருகிற ஒலியைத்தான். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தோமே, அந்த அரை மாத்திரைக்குள் உதடோ நாக்கோ வந்து மூச்சின் வழியை மறிக்கிறது. ம், ன், ல், ழ் ஆகியவற்றில் அடைப்பு முழுமையாக இல்லை. ஒலி மூக்கு வழியாகவோ நாவின் ஓரமாகவோ கசிந்துகொண்டே இருக்கும் என்பதால் அவற்றின் மேல் நின்றுகூடப் பாடலாம். வல்லினத்தில் அது நடக்காது. ‘பட்டு’ என்று மெதுவாகச் சொல்லிப் பாருங்கள்: ட் வரும் இடத்தில் குரல் அறவே இல்லை, மூச்சு மட்டும் மதகுக்குப் பின்னால் தண்ணீர் போலத் தேங்கி நிற்கிறது. எழுத்துகளின் அளவை வகுத்துச் சொன்ன தொல்காப்பியரே, இசையோடு சேரும்போது உயிர் தன் அளவைக் கடப்பதும் ஒற்று நீள்வதும் உண்டு, அது யாழ் நூலில் உள்ள செய்தி என்று ஒரே நூற்பாவில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார். உயிரை நீட்டுவதில் ஒருவருடைய பயிற்சி தெரியும். ஒற்றை அவர் நடத்துகிற விதத்தில் ஆள் தெரியும் என்பது நான் கேட்டுக் கேட்டுக் கண்டுகொண்டது.

இதை எனக்குக் காட்டியவர் இசை படித்தவரல்லர். நான் வேலைக்குச் சேர்ந்த அச்சகத்தில் மூத்த மெய்ப்பாளராக இருந்த ஒரு பெரியவர் அவர். நான் சேர்ந்த புதிதில் ஒரு கோயில் குடமுழுக்கு மலருக்காகப் பக்திப் பாடல்களைத் தொகுத்துக்கொண்டிருந்தோம். கையெழுத்துப் படியில் ‘ஞான பழம்’ என்று இருந்ததை நான் கவனியாமல் விட்டிருந்தேன். அவர் சிவப்புப் பேனாவால் நடுவில் ஒரு ப் போட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்துச் சொன்னார்: “தம்பி, இதுக்கு இலக்கணப் புத்தகத்தப் புரட்ட வேணாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சுந்தராம்பாள் அம்மா பாடினதை ஒரு தடவை போட்டுக் கேளு. அந்த ப் அங்க இருக்கும்.”

கேட்டேன். இருந்தது. 1965-இல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தின் அந்தப் பாடலில் ‘ஞான’ முடிந்து ‘பழம்’ தொடங்கும் இடத்தில் அவருடைய உதடுகள் மூடிக்கொள்வது காதுக்குத் தெரிகிறது. அந்த மூடல் கால் நொடிகூட இராது. ஆனால் அதற்குள் ஒரு முழுக் கோபம் அடக்கி வைக்கப்பட்டு, உதடு திறந்ததும் ‘ழ’ என்ற வழுக்கும் ஒலிமேல் ஏறி வெளியே வருகிறது. கொடுமுடியில் பிறந்து சிறு வயதிலேயே நாடக மேடைக்கு வந்தவர் சுந்தராம்பாள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர்வரை சொல் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் அக்கால மேடைப் பாடகருக்கு விதிக்கப்பட்ட முதல் நிபந்தனை. குரல் பெரிதாக இருந்தால் மட்டும் அது நடந்துவிடாது. உயிரொலி மட்டும் போய்ச் சேர்ந்தால் கேட்பவனுக்குக் கிடைப்பது சத்தம். வல்லினத்தை உடைத்துத் தள்ளினால்தான் சொல் கிடைக்கும். கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933-இல் இறந்த பிறகு வெள்ளைக் கதராடை உடுத்தி, ஆண்களோடு சேர்ந்து நடிப்பதில்லை என்று ஒதுங்கியிருந்தவரை ‘பக்த நந்தனார்’ படத்துக்கு அழைத்துவர 1935-இல் ஒரு இலட்ச ரூபாய் கொடுத்தார்கள். அன்று அந்தத் தொகை ஊரெல்லாம் பேச்சாயிற்று. அந்த இலட்சத்தில் பாதி அவருடைய ஒற்றுகளுக்கு என்று எங்கள் பெரியவர் சொல்லுவார்.

என் தந்தைக்கு டி.எம்.எஸ். பெரம்பூர் லோகோ ஒர்க்ஸில் பிட்டராக இருந்த அவர், இரும்பை இரும்பு அடிக்கும் சத்தத்தில் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து, மாலையில் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் காதை வைத்து உட்காருவார். அந்தச் சத்தத்தை வென்று அவர் காதுக்குள் போகக்கூடிய குரல் அது ஒன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. டி.எம். சௌந்தரராஜன் 1922-இல் மதுரையில் பிறந்தவர், வீட்டில் சௌராஷ்டிரம் பேசியவர். தொடக்க நாள்களில் எம்.கே. தியாகராஜ பாகவதரை அச்சாகப் பின்பற்றிப் பாடியவர். சிவாஜிக்கு ஒரு குரல், எம்.ஜி.ஆருக்கு ஒரு குரல் என்று அவர் மாற்றிப் பாடியது தமிழ்நாட்டில் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. ஆனால் அந்த மாற்றம் பெரும்பாலும் உயிரொலியில் நடந்தது. ஒருவருக்கு நெஞ்சிலிருந்து, மற்றவருக்குச் சற்று மூக்கை ஒட்டி. இருவருக்கும் பொதுவாக நின்றவை அவருடைய மெய்கள்தாம். வாலி எழுதி அவர் பாடிய ‘கற்பனை என்றாலும் கற்சிலை என்றாலும்’ என்ற முருகன் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ற்ப, ற்சி, ன்றா என்று பாறை பாறையாகக் கிடக்கிற அந்த வரியை இன்னொரு பாடகர் வழவழவென்று தேய்த்துக் கடந்துவிடுவார். டி.எம்.எஸ். ஒவ்வொரு பாறையிலும் காலை ஊன்றி ஏறுகிறார். ஏறி முடித்து ‘கந்தனே’ என்று சொல்லும்போது, ந் என்ற இடத்தில் நாக்கு பல்லின் பின்புறத்தில் ஒட்டி நின்று, மூக்கு வழியே ஒலி ததும்பி, பிறகு த வெடிப்பதை நான் ஒரு நாளும் சலித்துக் கேட்டதில்லை.

இங்கே பெரம்பூரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். எங்கள் தெருவில் ஆடி மாதம் என்பது நாட்காட்டியில் வருவதற்கு முன்பே காதில் வந்துவிடும். கூம்பு ஒலிபெருக்கிகளை மின்கம்பத்தில் கட்டி, ‘டெஸ்டிங், டெஸ்டிங்’ முடிந்த மறுநொடி எல்.ஆர். ஈஸ்வரி தொடங்கிவிடுவார். கிறித்தவக் குடும்பத்தில் பிறந்த அவருடைய ‘கற்பூர நாயகியே’ இல்லாமல் சென்னையில் எந்த மாரியம்மனுக்கும் கூழ் வார்ப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. அந்தக் கூம்புகள் கருணையற்றவை. கீழ்ச்சுருதியின் கனத்தை அவை எடுத்துச் செல்வதில்லை; நடுப்பகுதியையும் அதற்குச் சற்று மேலே உள்ளதையும் மட்டும் கூர்மையாக்கித் தெருவில் வீசுகின்றன. கனத்த, குழைவான குரல்கள் அதில் சிக்கினால் கரகரப்புத்தான் மிஞ்சும். ஈஸ்வரியின் குரலோ அதற்கென்றே வார்த்தது போலிருக்கும். 1969-இல் ‘சிவந்த மண்’ படத்தில் சாட்டையடிகளுக்கு நடுவே ‘பட்டத்து ராணி’ பாடியவர் அல்லவா! அந்த ட்ட, த்து இரண்டிலும் சாட்டையின் ஓசைக்கு அவர் ஒரு படி மேலேயே நிற்கிறார். அவரை ‘அந்த மாதிரிப் பாட்டு பாடுகிறவர்’ என்று ஓரமாக வைத்துப் பேசிய நல்ல காதுகளை எனக்குத் தெரியும். அவர்கள் ஆடி மாதத்தில் ஒரு வாரம் எங்கள் தெருவில் குடியிருந்து பார்த்திருக்க வேண்டும்.

அதே கூம்பில் நாங்கள் கேட்டுப் பழகியவர்தான் நாகூர் இ.எம். ஹனிபாவும். முறையாகச் சங்கீதம் கற்காதவர். 2015-இல் மறையும்வரை மீலாது மேடைகளிலும் திராவிட இயக்க மேடைகளிலும் அவர் குரல் முழங்கியது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை எங்கள் வட்டாரத்தில் மதம் பார்த்துக் கேட்டவர்கள் இல்லை. அதில் அவர் சொல்லை முடிக்கும் விதத்தைக் கவனியுங்கள். ‘துங்கள்’ என்பதன் கடைசி ள் பெரும்பாலான பாடகர்களுக்கு மூச்சு தீர்ந்துபோகிற இடம். ஹனிபா அந்த ள்-ஐ நாவை நன்றாக வளைத்து, கதவைத் தாழிடுவது போல முடிக்கிறார். கட்டளையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. தெரிந்த ஒன்றைத் தெரிந்தபடி சொல்லி முடித்த திருப்தி அந்த அரை மாத்திரையில் இருக்கிறது.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் ஓங்கிப் பாடுகிறவர்களை மட்டுமே எனக்குப் பிடிக்கும் என்று தோன்றிவிடும். நேர் எதிராக பி.பி. ஸ்ரீநிவாஸ் இருக்கிறார். ஒலிவாங்கி என்ற கருவி இல்லாவிட்டால் அவரைப் போன்ற ஒரு பாடகர் தோன்றியிருக்கவே முடியாது. பத்தடி தூரத்தில் இருப்பவருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு மெல்லப் பாடியும் நாடு முழுக்கச் சென்று சேரலாம் என்ற வசதியைத் தமிழில் முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் அவர். 1961-இல் ‘பாவமன்னிப்பு’ படத்துக்காக அவர் பாடிய ‘காலங்களில் அவள் வசந்தம்’ பாட்டின் தொடக்கத்தில் ல, ங், ள, வ, ம் என்று மெல்லினமும் இடையினமும் மிகுந்திருப்பது தற்செயலா, கவிஞரும் இசையமைப்பாளரும் குரலறிந்து கொடுத்ததா என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. இளைஞனாக இருந்தபோது கதீட்ரல் சாலை உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் உணவகத்தில் அவரைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சட்டைப் பையில் பல நிறப் பேனாக்கள், மேசைமேல் காகிதங்கள்; எட்டு மொழிகளில் கவிதை எழுதுவார் என்பார்கள். ஒரு நாள் பக்கத்து மேசையில் காப்பி குடித்துக்கொண்டே அவர் எழுதுவதை ஓரக்கண்ணால் பார்த்தேன். ஒரு சொல்லை எழுதிவிட்டு உதட்டை அசைத்துப் பார்க்கிறார், அடிக்கிறார், வேறு நிறத்தில் எழுதுகிறார், மீண்டும் உதட்டை அசைக்கிறார். என் தொழிலைச் செய்கிற இன்னொரு ஆள் என்று அன்று நினைத்துக்கொண்டேன். அந்த உணவகம் 2008-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் இப்போது செம்மொழிப் பூங்கா இருக்கிறது.

டி.எம்.எஸ். வல்லினம், ஸ்ரீநிவாஸ் இடையினம், பி. சுசீலா மெல்லினம் என்று ஒருமுறை நண்பர்களிடம் அளந்துவிட்டேன். கைதட்டலும் கிடைத்தது. ஆனால் அது தவறு. விசயநகரத்தில் தெலுங்கு பேசும் வீட்டில் பிறந்த சுசீலாவுக்கு மூவினமும் ஒன்றுபோல வசப்பட்டவை. ‘பஞ்சவர்ணக்கிளி’ படத்தில் பாரதிதாசனின் ‘தமிழுக்கும் அமுதென்று பேர்’ பாடலைப் பாடுகிறாரே, அந்த ழு-வைத் தமிழாசிரியர்கள் வகுப்பில் போட்டுக் காட்டலாம். ‘பேர்’ என்பதன் ர் மேல் ஒரு மயிரிழை கூட அதிகம் சாய்வதில்லை. பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலில் வழங்கப்பட்டபோது ‘உயர்ந்த மனிதன்’ படப் பாடலுக்காக அதைப் பெற்றவர் அவர். சுசீலாவின் ஒற்றுகளை நான் ஆராய முயலும்போதெல்லாம் தோற்றுப்போகிறேன். தையல் தெரியாத துணி அது.

எஸ். ஜானகியிடம் தையல் நன்றாகத் தெரியும், தெரிய வேண்டும் என்றே அவர் தைப்பதுபோல எனக்குப் படும். சொல்லுக்கு முன் ஒரு மூச்சு, சொல்லுக்குப் பின் ஒரு சிரிப்பு, குழந்தைக்கு ஒரு ச, கிழவிக்கு ஒரு ச. 1962-இல் ‘கொஞ்சும் சலங்கை’ படத்தில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாகசுரத்தோடு அவர் பாடிய ‘சிங்கார வேலனே’ தான் எனக்கு முதன்மை. நாகசுரத்துக்கு மெய்யெழுத்து கிடையாது. துத்துகாரத்தால் நாவை வைத்து ஒலியை வெட்டலாம், அவ்வளவுதான். அந்தக் கருவி போகிற இடத்துக்கெல்லாம் மெய்களைச் சுமந்துகொண்டே ஒரு மனிதக் குரலும் போகிறது என்பதுதான் அந்தப் பாட்டின் வியப்பு. எஸ்.பி. பாலசுப்ரமணியத்தைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். மூச்சு விடாமல் பாடிய கதையைத் திரும்பச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அவர் சிரித்துக்கொண்டே பாடும்போது உதடுகள் பக்கவாட்டில் விரிந்திருப்பதால் உயிரெழுத்தின் நிறமே மாறுவது கேட்கும், அதைப் பலர் கவனித்திருக்கிறார்கள். ஆனால் அப்படி விரிந்த உதட்டை ப-வுக்கும் ம-வுக்கும் மீண்டும் கூட்ட வேண்டுமே, அந்த இடத்தில் சிரிப்பு கலையாமல் அவர் கூட்டுவார். 2020 செப்டம்பர் 25 அன்று, ஊரடங்கு முழுதும் விலகாத நிலையில், எங்கள் தெருவில் ஒரு வீட்டில்கூடத் தொலைக்காட்சியை அணைக்கவில்லை. வெவ்வேறு வீடுகளிலிருந்து வெவ்வேறு பாட்டுகள் வந்து தெருவில் மோதிக்கொண்டிருந்தன.

கருநாடக இசைக்கு நான் தாமதமாகவே வந்தேன். சென்னையில் டிசம்பர் என்றால் மயிலாப்பூர், தியாகராய நகர்ச் சபாக்களும் அவற்றின் கேன்டீன்களும் என்றாகிவிட்டாலும், பெரம்பூர்க்காரனுக்குப் பக்கம் பாரிமுனைதான். சென்ட்ரலில் இறங்கி நடந்தால் ராஜா அண்ணாமலை மன்றம். 1943-இல் தொடங்கப்பட்ட தமிழ் இசைச் சங்கத்தின் விழா நடக்கும் அந்த அரங்கில்தான் சொல் புரிகிற கச்சேரிகளை நான் முதலில் கேட்டேன். புரிந்ததால் வந்த தொல்லையும் உண்டு. குற்றியலுகரத்தை ‘ஊ’ என்று இழுத்துக்கொண்டு போவதும், சந்தியைத் தவறான இடத்தில் உடைத்து ஒரு சொல்லின் வாலை அடுத்த சொல்லின் தலையில் ஒட்டுவதும் என் போன்றவனுக்குப் பல்லில் கல் அகப்பட்டது போல. ஒருமுறை மிகுந்த பெயருள்ள ஒரு வித்துவான் ஒரே வரியில் நிரவல் செய்யச் செய்ய, ஒவ்வொரு சுற்றிலும் அதே பிழை திரும்பத் திரும்ப வந்ததைக் கேட்டு எழுந்து வெளியே வந்து தேநீர் குடித்தேன்.

நிரவல் என்பதே சொல்லுக்குக் கொடுக்கப்பட்ட மரியாதை. ஒரே வரியைப் புதிது புதிதாகப் பாடலாம், ஆனால் தாளத்தில் சொற்கள் விழும் இடங்கள் கலையக் கூடாது. டி.கே. பட்டம்மாள் இதில் கண்டிப்பானவர். ஆண்களின் உடைமை என்று கருதப்பட்ட ராகம் தானம் பல்லவியை மேடையில் பாடிக் காட்டியவர், பாரதியின் பாடல்களை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர். அவர் குரலில் மெய்கள் தூண் மாதிரி நட்ட இடத்தில் நிற்கும். மதுரை சோமு அதற்கு மறுகோடி. ‘என்ன கவி பாடினாலும்’ பாட்டில் ‘என்ன’ என்ற ஒரே சொல்லின் ன்ன-வை ஒரு முறை கேள்வியாகவும் ஒரு முறை புகாராகவும் ஒரு முறை தோல்வியாகவும் மாற்றிக்கொண்டு, தாளத்தைக்கூடக் காக்க வைத்துவிடுவார். சபா நாகரிகத்துக்கு அது கொஞ்சம் அதிகம் என்று சொல்லுவோர் உண்டு. எனக்கு அந்த அதிகம் வேண்டும்.

எம்.எஸ். இந்த இருவரிடமிருந்தும் விலகி நிற்கிறார். அவருடைய ‘குறையொன்றுமில்லை’ பாட்டில் ற, ன்று, ல்லை எல்லாம் துல்லியமாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்த அரை மாத்திரைகளில் பாட்டு நிற்பதாகத் தோன்றுவதே இல்லை. பலமுறை ஹெட்போன் என்ற காதணிப் பொறியில் கேட்டபின் ஒன்று புரிந்தது. அவர் குரல் சுருதியோடு அவ்வளவு இழைந்திருப்பதால், வாய் மூடும் கணத்தில் பின்னாலிருக்கும் தம்புரா அந்த இடத்தை எடுத்துக்கொள்கிறது. வாய் திறந்ததும் திருப்பிக் கொடுக்கிறது. 1966-இல் ஐக்கிய நாடுகள் அவையில் அவர் பாடியபோது சொல் புரியாதவர்களும் அசையாமல் உட்கார்ந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம்.

மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலில் ஒரு பங்குனி விழாவின்போது கேட்ட ஓதுவாரை இந்த வரிசையில் சேர்க்காவிட்டால் நான் பொய் சொன்னவனாவேன். அறுபத்துமூவர் கூட்டத்தில் நசுங்கி, ஒரு தூணோரம் ஒதுங்கி நின்றபோது அவர் சம்பந்தரின் ‘மட்டிட்ட புன்னையங் கானல்’ பதிகத்தைச் சீகாமரப் பண்ணில் பாடிக்கொண்டிருந்தார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கீடு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம் என்று அந்த ஊரின் விழாக்களையெல்லாம் வரிசையாகச் சொல்லி, இவற்றைக் காணாமலே போகிறாயோ என்று இறந்துபோன பெண்ணை அழைக்கிற பதிகம் அது. வயதான குரல், ஒலிபெருக்கியும் சரியில்லை. ‘மட்டிட்ட’ என்பதில் அடுத்தடுத்து வரும் இரண்டு ட்ட-க்களை யாரோ கதவைத் தட்டுவது போல அவர் தட்டினார். சுற்றிலும் மோர்ப்பந்தலும் பலூன் பீப்பிகளும் அன்னதான அறிவிப்புகளும் இரைந்துகொண்டிருந்தன.

வியாசர்பாடியில் கேட்ட கானா வேறு வகை. தந்தையோடு வேலை பார்த்த ஒருவர் இறந்தபோது இரவு முழுவதும் அங்கே இருந்தேன். பந்தலுக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள், டோலக், சட்டி, ஓர் இளைஞன். செத்தவர் பெயர், அவர் குடும்பம், அவர் கடன், அவர் நல்ல குணம் எல்லாவற்றையும் அங்கேயே கேட்டுத் தெரிந்துகொண்டு எதுகையும் மோனையுமாகக் கட்டிப் பாடினான். ‘இருக்கிறது’ என்பது ‘கீது’ ஆகிற மொழியில் எனக்கு வேலையே இல்லை. விழுங்க வேண்டிய ஒற்றுகளையெல்லாம் ஏற்கெனவே விழுங்கிவிட்டார்கள், அதனால்தான் அந்த வேகம் கிடைக்கிறது. ஆனால் விழுங்காமல் விட்டவற்றை அவன் சட்டியின் அடியோடு சேர்த்து அடித்தபோது, சுந்தராம்பாளின் கொட்டகைக்கும் இந்தப் பந்தலுக்கும் தூரம் அதிகமில்லை என்று பட்டது. பின்னர் 2012-இல் ‘அட்டகத்தி’ வந்து கானா பாலாவின் குரல் நகரத்தின் மறுபாதிக்கும் போயிற்று. 2018 ஜனவரியில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் இசைக்குழு மேடையேறியபோது அதில் பாடிய இசைவாணி, ஆண்கள் மட்டுமே பாடிவந்த கானாவில் நின்று பாடுகிற பெண். அவர் சொல்லை முகத்துக்கு நேரே சொல்கிறார். சங்கீதம் வரட்டும், முதலில் நான் சொல்வது காதில் விழட்டும் என்கிற தோரணை.

என் கொள்கையைப் பொய்யாக்கும் ஒருவரையும் சொல்ல வேண்டும். இந்துஸ்தானி இசையில் கிரானா கரானா என்ற மரபைச் சேர்ந்த உஸ்தாத் அப்துல் கரீம் கான். அவருடைய பழைய இசைத்தட்டுகளில் சொல் உருகிப் போய்விடுகிறது. வாயை யாரோ பாதி மூடி வைத்திருப்பது போன்ற மெல்லிய குரலில் சுரம் மட்டும் இழையாக ஓடுகிறது. தியாகராசரின் ‘ராம நீ சமானமெவரு’ கீர்த்தனையைக்கூட அவர் தட்டில் பாடியிருக்கிறார். தெலுங்கு தெரிந்தவர்கள் அதில் திருத்தம் போடலாம். நான் போட மாட்டேன். 1937 அக்டோபரில் சென்னைக் கச்சேரியை முடித்துப் புதுச்சேரிக்கு இரயிலில் போகும்போது நெஞ்சுவலி வந்து, சிங்கப்பெருமாள் கோவில் நிலையத்தில் இறங்கி, நடைமேடையில் பிரார்த்தனையாகத் தர்பாரி ராகத்தில் பாடியபடியே உயிர்விட்டார். சில ஆண்டுகளுக்கு முன் செங்கல்பட்டு மின்தொடரில் போனபோது வேண்டுமென்றே அந்த நிலையத்தில் இறங்கினேன். அவரை நினைவூட்டும் எதையும் தேடுவதற்காக இறங்கவில்லை. கொய்யாப்பழம் விற்கும் பெண்மணியிடம் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு, காதணிப் பொறியில் அவருடைய ‘ஜமுனா கே தீர்’ ஒருமுறை கேட்டுவிட்டு அடுத்த வண்டியில் ஏறினேன். மெய்யே இல்லாத உயிர் எப்படி இருக்கும் என்று அந்தத் தட்டைக் கேட்டால் தெரியும்.

எல்லா ஃபிட்ஜெரால்டிடம் அது தலைகீழாக நடக்கிறது. 1960-இல் பெர்லினில் ‘மேக் த நைஃப்’ பாடிக்கொண்டிருக்கும்போது நடுவில் அவருக்குச் சொற்கள் மறந்துவிடுகின்றன. மறந்துவிட்டதைப் பாட்டிலேயே சொல்லிக்கொண்டு, பொருளில்லாத அசைகளை அடுக்கி, லூயி ஆம்ஸ்ட்ராங்கின் கரகரத்த குரலையும் நடுவில் செய்து காட்டிக் கரையேறிவிடுகிறார். அந்தப் பதிவுக்குக் கிராமி விருதும் கிடைத்தது. பொருள் போன பிறகு பாட்டைத் தூக்கி நிறுத்தியவை ப, ட, த என்ற வல்லினங்கள்தாம். தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் கேட்டு வளர்ந்த நமக்கு அதில் வியப்பு இருக்கக் கூடாது. தகதிமி என்பதற்கு யாரும் அகராதியில் பொருள் தேடியதில்லை.

என் தந்தைக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. மேல்வரிசைப் பல் முழுவதும் செயற்கை. இரவு எட்டரைக்கு அதைக் கழற்றி எவர்சில்வர் டம்ளர் தண்ணீரில் போட்டுவிட்டுப் படுக்கையில் சாய்ந்து, விளக்கணைத்த பிறகு டி.எம்.எஸ். பாடுவார். த, ந என்ற இரண்டும் மேற்பல்லின் அடியில் நாக்கு பரந்து ஒற்றினால் பிறக்கும் எழுத்துகள் என்று இலக்கணத்தில் படித்தது எனக்கு அவர் பாடும்போதுதான் முழுமையாக விளங்கியது, ஏனென்றால் ஒற்றுவதற்கு அங்கே பல் இல்லை. கற்பனையும் கற்சிலையும் எப்படியோ வந்துவிடுகின்றன. ‘கந்தனே’ மட்டும் காற்றாகப் போய்விடுகிறது. சென்ற வாரம் ஒரு நாள் அந்த இடத்தில் நிறுத்தினார். மறுபடி பாடினார், மறுபடி நிறுத்தினார். அடுத்த அறையில் ஒரு நாவலின் மூன்றாம் மெய்ப்பை வைத்துக்கொண்டிருந்த நான் பேனாவைக் கீழே வைத்தேன். டம்ளர் மேசையில் உரசும் சத்தம் கேட்டது. தண்ணீர் சொட்டுகிற சத்தம். பிறகு இருட்டில், ந்-உம் த-வும் முழுதாக வைத்து, ஒரே ஒரு முறை ‘கந்தனே’. அதன்பின் பல்லைத் திரும்ப டம்ளரில் போட்டுவிட்டு, “ஏம்ப்பா, இன்னும் தூங்கலையா” என்று கேட்டார்.